மூன்றில் இரண்டு பங்கு

2019இல் எட்டு நாள் இடைவெளியில் இரண்டு செய்திகள் ஒஹாயோவில் எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்தன. பிப்ரவரி 26 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய யுனைடெட் மெதடிஸ்ட் சபையின் சிறப்புப் பொதுமாநாடு, தன்பாலினத்தாருக்குத் திருமணம் நடத்தி வைப்பதற்கும் அவர்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பதற்கும் ஏற்கெனவே இருந்த தடையை இன்னும் இறுக்கியது. ஆதரவு 438, எதிர்ப்பு 384. மார்ச் 6 அன்று லார்ட்ஸ்டவுனில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து கடைசி ஷெவர்லே குரூஸ் கார் வெளியே வந்தது. 1966 முதல் ஓடிய ஆலை அது.

அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள், பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அவர்களுக்குப் பொருள் கொடுத்த சிறு பட்டறைக்காரர்கள் என்று சேர்த்தால் எங்கள் சபையில் பாதிக் குடும்பம் தேறும். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கியவர்களில் ஒருவர்கூட செயின்ட் லூயிஸைப் பற்றிக் கேட்கவில்லை. மகன் டென்னஸி ஆலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போகிறான், மருமகள் வீட்டை விற்கப் பார்க்கிறாள், பேரப்பிள்ளைகளை இனி எப்போது பார்ப்பது என்பதுதான் எல்லார் வாயிலும். மூன்று வருடம் கழித்து இதே மக்கள், இதே கோயிலில், மெதடிஸ்ட் சபையில் இருப்பதா பிரிவதா என்று சீட்டில் எழுதிப் போட வேண்டி வந்தது. அந்தச் சபையின் ஆயராக அதை உள்ளே இருந்து பார்த்தவன் நான். ஆனால் எனக்கு ஓட்டு கிடையாது. மெதடிஸ்ட் ஒழுங்கில் ஆயருடைய அங்கத்துவம் அவர் ஊழியம் செய்யும் சபையில் இல்லை, வட்டார மாநாட்டில் இருக்கிறது. ஞானஸ்நானம் கொடுக்கலாம், அடக்கம் பண்ணலாம், ஓட்டுப் போட முடியாது.

நான் மதுரை அரசரடியில் இறையியல் படித்து, சி.எஸ்.ஐ.யில் குருப்பட்டம் பெற்றவன். மேற்படிப்புக்காக ஒஹாயோ வந்தேன். ஆயர்கள் போதாமல் இருந்த மெதடிஸ்ட் வட்டாரம் ஒன்று இங்கேயே ஊழியம் செய்யக் கேட்டது. இங்கே சபை ஆயரைத் தேர்ந்தெடுப்பதில்லை. பேராயர் அனுப்புவார், ஜூலை முதல் தேதி போய்ப் பொறுப்பேற்க வேண்டும். அப்படித்தான் யங்ஸ்டவுன் பக்கம் மஹோனிங் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தேன். என் பாட்டி மதுரை ஓ.சி.பி.எம். பள்ளியில் படித்தவர். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் தொடங்கிய பள்ளி. அந்த மிஷனை அனுப்பியது மெதடிஸ்டுகள் இல்லை, காங்கிரிகேஷனல் சபையார். ஆனாலும் இங்கே ஆராதனைக்கு வரும் வயதான பெண்களைப் பார்க்கும்போது, இவர்களைப் போன்றவர்களுடைய பாட்டிமார் மிஷன் பெட்டியில் போட்ட சில்லறைக் காசில்தான் என் பாட்டி எழுத்துக் கூட்டினாள் என்ற நினைப்பு எனக்கு வராமல் இருந்ததில்லை. கடன்பட்டவனாகத்தான் இங்கே நின்றேன்.

யங்ஸ்டவுனில் 1930இல் 1,70,000 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 60,000. இடையில் நடந்தது 1977 செப்டம்பர் 19. ஊர்க்காரர்கள் இன்றும் கருப்புத் திங்கள் என்கிறார்கள். யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் நிறுவனம் கேம்ப்பெல் உருக்காலையை மூடுவதாக அன்று அறிவித்தது. 5,000 பேருக்கு வேலை போயிற்று. அதன் பிறகு நடந்தது வெளியூரில் அவ்வளவாகத் தெரியாத கதை. கத்தோலிக்கப் பேராயர் ஜேம்ஸ் மலோன், எபிஸ்கோப்பல் பேராயர் ஜான் பர்ட் இருவரும் முன்னின்று, எல்லாச் சபைகளையும் சேர்த்து ஒரு கூட்டணி அமைத்து, ஆலையைத் தொழிலாளரும் ஊரும் சேர்ந்து வாங்கி நடத்தப் பார்த்தார்கள். ‘பள்ளத்தாக்கைக் காப்போம்’ என்ற பெயரில் வங்கிகளில் கணக்குத் திறந்து ஜனங்கள் பணம் போட்டார்கள். 1979இல் கார்ட்டர் அரசு கடனுக்கு உத்தரவாதம் கொடுக்க மறுத்ததும் எல்லாம் முடிந்துபோனது. எங்கள் சபையின் கட்டடப் பொறுப்பாளர் அப்போது இருபத்திரண்டு வயது உருக்காலைத் தொழிலாளி. தானும் கணக்குத் திறந்ததாகச் சொல்வார். “பாஸ்டர், அன்னிக்கு இந்த ஊர்ல ஒரு காரியம் ஆகணும்னா சபைகிட்டதான் வருவாங்க” என்றார் ஒரு நாள். அந்த ஊரையும் அந்தச் சபையையும் நினைவில் வைத்திருப்பவர்களுக்குத்தான் நான் ஆயர்.

கோயிலோடு சேர்ந்து ஓய்வுநாள் பள்ளிக்கென்று 1950களில் கட்டிய ஒரு தனிக் கட்டடம் இருந்தது. வரிசையாக வகுப்பறைகள், குழந்தைகள் உயரத்துக்குக் கோட் மாட்டும் கொக்கிகள். நான் வந்தபோது ஒரு அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. 1968இல் இரண்டு சபைகள் இணைந்து யுனைடெட் மெதடிஸ்ட் சபை உருவானபோது அமெரிக்காவில் ஏறக்குறைய 1.1 கோடி அங்கத்தினர். 2022இல் அதில் பாதிதான். லுத்தரன், பிரெஸ்பிட்டேரியன், எபிஸ்கோப்பல் சபைகளின் கணக்கும் இந்தத் திசையில்தான் போகிறது.

ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். 1972இல் டீன் கெல்லி என்ற மெதடிஸ்ட் ஆயர் எழுதிய புத்தகம், கண்டிப்பான சபைகள் வளர்கின்றன, தளர்ந்தவை தேய்கின்றன என்றது. பிரிய விரும்பியவர்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். பின்னால் மைக்கேல் ஹௌட், ஆண்ட்ரூ கிரீலி முதலிய சமூகவியலாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததில், இரு வகைச் சபைகளுக்கும் இடையில் வந்த மாற்றத்தின் பெரும்பகுதிக்கு மூலகாரணம் பிள்ளைப்பேறு என்று தெரிந்தது. எங்கள் வகைச் சபைகளின் பெண்கள் பிந்தி, குறைவாகப் பிள்ளை பெற்றார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. பிறந்த பிள்ளைகளுக்கும் வேலை இல்லை. நான் அடக்கம் செய்த பெரியவர்களின் பிள்ளைகள் வட கரோலினாவிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் வந்து அழுதுவிட்டு விமானம் ஏறினார்கள். அவர்களில் பலர் அங்கே ஏதோ ஒரு சபையில் இருக்கிறார்கள். எங்கள் பிரசங்கம் பிடிக்காமல் போனவர்கள் இல்லை அவர்கள்.

ஆனால் சபை புதுப்பித்தல் என்று வந்து பேசிய ஒவ்வொருவரும் பிரசங்கத்தையும் பாட்டையும்தான் மாற்றச் சொன்னார்கள். திரை வைக்கச் சொன்னார்கள், வைத்தோம். கிட்டார் ஆராதனை தொடங்கச் சொன்னார்கள், தொடங்கினோம். இளம் குடும்பங்களை இழுங்கள் என்றார்கள். தெருவுக்கு நான்கு வீடு காலியாகக் கிடக்கும் இடத்தில் இளம் குடும்பம் எங்கிருந்து வரும்? இருக்கிற எழுபது பேரை, வராதவர்களுக்காகக் காத்திருக்கும் ஆட்களாக நடத்துவது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. அறுபது வருடமாக அங்கே ஜெபித்த ஒருத்தியிடம் ‘உன் காலம் முடிந்தது, உன் பேத்தி வயதுக்காரிக்கு ஏற்பாடு செய்கிறோம்’ என்று சொல்லாமல் சொல்வது புதுப்பித்தலா?

அந்த எழுபது பேரைச் சேர்த்து வைத்திருந்தது கொள்கை ஒற்றுமை இல்லை. வேலை. மஹோனிங் பள்ளத்தாக்கில் கல்யாணம் என்றால் குக்கீ மேசை உண்டு. உறவுப் பெண்களும் சபைப் பெண்களும் வாரக்கணக்கில் சுட்டு, பிட்செல், கொலாச்சி, பக்கை என்று பத்துப் பதினைந்து வகையை நீளமான மேசையில் அடுக்குவார்கள். இத்தாலியர், ஸ்லோவாக்கியர் என்று வந்து குடியேறிய எல்லார் வீட்டுப் பண்டமும் அதில் இருக்கும். எங்கள் சபைச் சமையலறையில் டிரம்புக்கு ஓட்டுப் போட்டவளும் கிளின்டனுக்கு ஓட்டுப் போட்டவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மாவு உருட்டினார்கள். கட்டடப் பொறுப்பாளர் சனிக்கிழமை இரவு கொதிகலனைப் பார்த்தால்தான் ஞாயிறு காலை ஆர்கன் வாசிக்கும் அம்மாவின் விரல் விறைக்காது. நாற்பது வருடம் அப்படிப் போயிற்று.

2019 ஆகஸ்ட் 31 அன்று, 150 வருடம் வந்த ‘விண்டிகேட்டர்’ நாளிதழும் நின்றது. பெயரைப் பக்கத்து ஊர்ப் பத்திரிகை வாங்கிக்கொண்டது. பிறகு கொரோனா. வாகன நிறுத்தத்தில் கார் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்து ஆராதித்தோம், முதியோர் இல்லத்து ஜன்னலுக்கு வெளியே நின்று ஜெபித்தேன். திரும்பக் கோயிலைத் திறந்தபோது மூன்றில் ஒரு பங்கு வரவில்லை.

செயின்ட் லூயிஸ் மாநாடு ஒழுங்குப் புத்தகத்தில் 2553 என்ற புதுப் பத்தியைச் சேர்த்திருந்தது. 2023 டிசம்பர் 31க்குள் ஒரு சபை தன் கட்டடத்தோடு பிரிந்து போகலாம். மெதடிஸ்ட் மரபில் இது பெரிய விஷயம். 1763இல் வெஸ்லி வகுத்த மாதிரிப் பத்திரத்திலிருந்தே கோயில் சொத்து உள்ளூர்ச் சபைக்குச் சொந்தமில்லை, முழுச் சபைக்காக நம்பிக்கைச் சொத்தாக வைத்திருக்கப்படுவது. இப்போது கதவு திறந்தது. இரண்டு வருடப் பங்குத்தொகை கட்ட வேண்டும், ஆயர்களின் ஓய்வூதிய நிதியில் சபைக்கு விழும் பொறுப்பைத் தீர்க்க வேண்டும், வந்து ஓட்டளிக்கும் அங்கத்தினரில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதிக்க வேண்டும். செயின்ட் லூயிஸில் வென்றது தடையை ஆதரித்தவர்கள். ஆனால் அமெரிக்காவின் பல வட்டாரங்கள் அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த மாட்டோம் என்றதும், வென்றவர்களே வெளியேறத் தொடங்கினார்கள். 2022 மே முதல் தேதி குளோபல் மெதடிஸ்ட் சபை தனியாகத் தொடங்கியது.

கட்டடப் பொறுப்பாளர் பிரிய வேண்டும் என்றார். ஆர்கன் வாசிக்கும் அம்மா இருக்க வேண்டும் என்றார். அவருடைய மகன் பிட்ஸ்பர்கில் தன் துணைவரோடு வாழ்கிறவன். பொறுப்பாளர் என் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். “அந்தப் பையன்மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல பாஸ்டர். அவனுக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுத்ததே நான்தான். ஆனா வேதத்துல இருக்கறத மாத்த நாம யாரு?” அந்த அம்மா ஆர்கன் மேசையை மூடிவிட்டு என்னிடம் சொன்னது: “என் மகன் இந்தப் பீடத்துக்கு முன்னால ஞானஸ்நானம் வாங்கினவன். நீங்க அத்தனை பேரும் அவனை வளக்கறதா அன்னிக்கு உடன்படிக்கை பண்ணீங்க. இப்ப அவனைப் பத்தி ஓட்டுப் போடறீங்க.”

என் மனம் அந்த அம்மாவின் பக்கம். அதை யாரிடமும் மறைக்கவில்லை. பிரிய விரும்பியவர்களும் அது தெரிந்தேதான் என்னிடம் வந்து பேசினார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெறுப்பில் பேசவில்லை என்பதையும் நான் சாட்சியாகச் சொல்ல வேண்டும். ஆலை போயிற்று, பத்திரிகை போயிற்று, பிள்ளைகள் போனார்கள். வேதமாவது அப்படியே இருக்கட்டும் என்று பிடித்துக்கொண்டவர்கள் அவர்கள்.

2022 இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் ஓட்டெடுப்பு. வாசலில் மேசை போட்டு அங்கத்தினர் பதிவேட்டைப் பார்த்துப் பெயரைக் குறித்துக்கொண்டு ஆளுக்கொரு மஞ்சள் சீட்டுக் கொடுத்தார்கள். நேரில் வந்தவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. பல வருடம் எட்டிப் பார்க்காத ஒருவர் பெயர் பதிவேட்டில் இருந்ததால் ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார். ஆக்சிஜன் உருளையோடு ஒரு தொண்ணூற்றொரு வயது அம்மாவை அழைத்து வந்தார்கள். படுக்கையில் கிடந்த இன்னொருவர் காலையிலேயே என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, என் ஓட்டையும் நீங்கள் போட்டுவிடுங்கள் என்று கேட்டிருந்தார். எனக்கே ஓட்டு இல்லை என்றதும் சற்று நேரம் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பிறகு, “அப்படின்னா நாம ரெண்டு பேரும் ஜெபிக்கலாம்” என்றார். ஜெபித்தோம்.

தலைமை தாங்க மேலிருந்து ஒரு கண்காணிப்பாளர் வந்திருந்தார். சீட்டுகளைப் பித்தளைக் காணிக்கைத் தட்டில்தான் வாங்கினார்கள். வேறு பெட்டி யாருக்கும் தோன்றவில்லை. ஞாயிறுதோறும் நான் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து நன்றி சொல்லும் தட்டு அது. ஐம்பத்தெட்டு ஓட்டு. பிரிய 37, இருக்க 21. வேண்டியது 39.

இரண்டு ஓட்டில் பெரும்பான்மை தோற்றது. கிறிஸ்துமஸுக்குள் அந்த முப்பத்தேழு பேரில் ஏறக்குறைய முப்பது பேர் போய்விட்டார்கள். வாடகைக் கூடம் ஒன்றில் தனியாக ஆராதிக்கத் தொடங்கினார்கள். காணிக்கை பாதியாயிற்று. பாடகர் குழுவில் ஆண் குரல் ஒன்று மிஞ்சியது.

நம் ஊரிலும் சபைச் சண்டை உண்டு. தேர்தல், இரண்டு அணி, நீதிமன்ற வழக்கு என்று வருடக்கணக்கில் இழுக்கும். எத்தனையோ பேரைக் காயப்படுத்தியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் தோற்ற அணி அடுத்த ஞாயிறு அதே கோயிலில் வந்து உட்காரும். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் அங்கே, அசனப் பண்டிகையில் வெட்டிய காய்கறிக்குக் கணக்கு அங்கே, சொந்தமெல்லாம் அங்கே. இங்கே போவது சுலபம். கார் ஏறினால் பத்து நிமிடத்தில் வேறு சபை. அமெரிக்கா முழுவதும் அந்தக் கதவு வழியாக வெளியேறியவை 7,600க்கும் மேற்பட்ட சபைகள், நான்கில் ஒரு பங்கு. எங்களுடையது போல உள்ளேயே இருந்து பாதியாகப் போனவை அந்தக் கணக்கில் வராது.

கட்டடப் பொறுப்பாளர் போகுமுன் ஒரு நாள் என்னைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போனார். சாவிக்கொத்தோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தார். பென்சிலில், பெரிய எழுத்தில், கொதிகலனுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் எழுதி வைத்திருந்தார். குளிர்காலத்தில் வாரம் ஒரு முறை கீழே வாளி வைத்து, நீர்மட்டம் குறைந்தால் அணைக்கும் கருவியின் வால்வைத் திற. துருநீர் முதலில் காப்பி நிறத்தில் வரும். தெளியும்வரை விடு. அப்போது எரிப்பான் தானே அணைய வேண்டும், அணையாவிட்டால் உடனே ஆளைக் கூப்பிடு. 1988இலிருந்து எந்த ஆண்டு எந்தப் பாகம் மாற்றியது என்று ஒரு பட்டியல். கடைசிப் பக்கத்தில் நான் எளிதாகப் புரிந்துகொள்வதற்காகப் படம் வரைந்திருந்தார். ஒரு முறை அவர் முன்னால் என்னைச் செய்து காட்டச் சொன்னார். செய்தேன். தலையாட்டிவிட்டுப் போனார். எங்கள் சபையின் கையெழுத்துப் பிரதிகளில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

இருந்தவர்களுக்கு ஆயராக இருப்பது அதன் பிறகு கடினமாயிற்று. போனவர்களைப் பற்றி நான் கடுமையாக இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். போனவர்களில் ஒருவர் மருத்துவமனையில் இருக்கிறார் என்று பார்க்கப் போனால், ‘அவர்களுக்குத்தான் இப்போது வேறு ஆயர் இருக்கிறாரே’ என்றார்கள். ஒவ்வொரு ஞாயிறும் காலியான பெஞ்சைப் பார்த்தவர்களின் வலி அது. மன்றாட்டு நேரத்தில் போனவர்களின் பெயர்களைச் சொல்லி ஜெபித்தேன். முதலில் முணுமுணுப்பு இருந்தது. பிறகு, அவர்களாகவே பெயர் சொல்லத் தொடங்கினார்கள்: இன்னாருக்கு முழங்கால் அறுவை, இன்னாருடைய பேத்திக்குக் குழந்தை.

அடுத்த ஆண்டு கட்டடப் பொறுப்பாளரின் மனைவி இறந்துபோனார். புதுச் சபையின் வாடகைக் கூடத்தில் இடம் போதாது. அவர் தொலைபேசியில் கேட்டது இடத்தை மட்டும்தான். அந்தச் சபையின் ஆயரும் நானும் சேர்ந்து அடக்க ஆராதனை நடத்தினோம். எங்கள் ஆர்கன் அம்மாதான் வாசித்தார். எங்கள் பெண்கள் வழக்கம்போல ஹாமும் உருளைக்கிழங்கும் செய்து வைத்தார்கள். போன பெண்கள் சமையலறைப் பின்வாசல் வழியாகக் குக்கீ டப்பாக்களோடு வந்தார்கள். எந்த இழுப்பறையில் எந்தத் தட்டு என்று யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஞாயிறு கட்டடப் பொறுப்பாளர் திரும்பி வருவார் என்று எங்களில் சிலர் நம்பினார்கள். வரவில்லை. இன்றும் அவர் அந்தச் சபையில்தான் இருக்கிறார். அது அவருடைய நம்பிக்கை, அதற்கு அவர் கொடுத்த விலை எனக்குத் தெரியும்.

2024 வசந்தத்தில் சார்லட் நகரில் கூடிய பொதுமாநாடு, தன்பாலுறவைக் கண்டித்து 1972 முதல் இருந்த வாசகத்தையும் தடைகளையும் செயின்ட் லூயிஸ் சட்டங்களையும் நீக்கியது. ஆர்கன் அம்மாவின் மகன் பிட்ஸ்பர்கிலிருந்து தாயைத் தொலைபேசியில் அழைத்து வெகுநேரம் பேசினானாம். அந்தச் செய்தியைச் சொன்னபோது கோயிலில் இருந்தவர்கள் முப்பத்திரண்டு பேர். கைதட்டல் எதுவும் இல்லை. நாங்கள் அப்போது கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஓய்வுநாள் பள்ளிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் செவ்வாய், வியாழன் இரவுகளில் போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்கள் கூடுகிறார்கள். ஒஹாயோவில் ஃபென்டனைல் போதைமருந்துக்குப் பலியானவர்களில் சிலரை நானே அடக்கம் செய்திருக்கிறேன். பெற்றோர் நின்று பிள்ளையைப் புதைக்கும் அடக்கங்கள் அவை. கூட்டத்துக்கு எங்களைவிட அதிகம் பேர் வருகிறார்கள். எங்கள் பெண்கள் இருவர் காப்பி போட்டு வைப்பதோடு அளவு மீறிய போதையிலிருந்து உயிர் மீட்கும் நார்கான் மூக்குத்தெளிப்பானைப் பயன்படுத்தவும் கற்றுக்கொண்டார்கள். கூட்டத்துக்கு வருகிறவர்களை ஆராதனைக்கு அழைத்து வர என்ன திட்டம் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. திட்டம் ஒன்றும் இல்லை. கட்டடத்தைச் சூடாக வைத்திருக்கிறோம்.

இரண்டு தெரு தள்ளி ஒரு லுத்தரன் சபை. அவர்களும் நாற்பது பேர்தான், ஆயர் இல்லாமல் இருக்கிறார்கள். 2009 முதல் இரு சபைகளுக்கும் முழு ஐக்கியம் இருப்பதால் ஒரே ஆயர் இரண்டையும் பார்க்கலாம். இப்போது மாதம் ஒரு முறை சேர்ந்து பேசுகிறோம். சீட்டு எழுதிப் போடுவது மட்டும் வேண்டாம், எத்தனை மாதமானாலும் பேசியே முடிவெடுப்போம் என்று எங்கள் ஆட்கள் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். யார் கோயிலை வைத்துக்கொள்வது என்பது இன்னும் தீரவில்லை. அவர்களுடைய கூரை நல்லது, எங்களுடைய கொதிகலன் நல்லது. திருவிருந்து பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். 1869இல் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் புளிக்காத திராட்சை ரசம் செய்ததிலிருந்து எங்களுக்கு அதுதான் பழக்கம். லுத்தரன்களுக்குத் திராட்சை மதுதான் வழக்கம். கீழ்த்தளத்துக் கூட்டத்துக்கு வரும் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கை தூக்கி, இரண்டும் இருந்தால் தானும் வர முடியும், மது மட்டும் என்றால் முடியாது என்றார். இரண்டு கிண்ணம் என்று முடிவாயிற்று. அடுத்த கூட்டத்தில் வங்கிக் கணக்கைப் பற்றிப் பேச வேண்டும்.